ரீல் என்னையும் சேர்த்து மேலே இழுத்துட்டுப் போயிடுச்சு: நேத்ராணியில் நடந்தது

லொட்டாய்_வியாசை (எச்எஸ்ஆர் லேஅவுட்) – திங்கள், இரவு 9.40

வணக்கம் மக்களே. ஊர் வியாசர்பாடி, எட்டு வருஷமா பெங்களூர். இதுவரைக்கும் 26 டைவ். அந்த 26ஆவதுதான் இன்னிக்குக் கதை. படிச்சுட்டுத் திட்டணும்னா திட்டுங்க, ஆனா எங்க தப்புன்னு சொல்லிட்டுத் திட்டுங்க.

நேத்ராணி (கர்நாடகாவுல முருடேஷ்வர் பக்கத்துத் தீவு), ரெண்டாவது நாள், முதல் டைவ். கொஞ்சம் நீரோட்டம் இருந்துச்சு. மேல ஏற வேண்டிய நேரம் வந்ததும், 12 மீட்டர்ல இருந்தே எஸ்எம்பி (நாம இருக்கிற இடத்தைப் படகுக்குக் காட்ட நூல்ல கட்டி மேலே அனுப்புற காத்துப் பை) விடலாம்னு டைவ் மாஸ்டர் சைகை காட்டினார். நானே விடுறேன்னு கை தூக்கினேன். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவைதான் விட்டிருக்கேன், அதுவும் நீச்சல் குளத்துல. கையில நூலுக்கு இருந்தது ஃப்ரெண்டுகிட்ட வாங்கிட்டு வந்த ராட்செட் (பல்சக்கரப் பூட்டு) ரீல். தொலைஞ்சா அவன் உயிரை எடுப்பானேன்னு போல்ட் ஸ்னாப்பால (சின்ன முள்ளைப் பின்னாடி இழுத்துத் திறக்கிற கொக்கி) மார்புல இருக்கிற டி-ரிங் வளையத்துல மாட்டி வெச்சிருந்தேன்.

பையை விரிச்சேன். ஆக்டோபஸை (உபரியா வெச்சிருக்கிற மூச்சு ரெகுலேட்டர்) அடியில வெச்சு, காத்து விடுற பர்ஜ் பட்டனை அமுக்கினேன். ரெண்டே செகண்டு, பை முழுசா உப்பிடுச்சு. கையை விட்டேன். நூல் ஒரு மூணு மீட்டர் ஓடியிருக்கும், "டக்"னு நின்னுச்சு. அடுத்த நொடி மார்பைப் பிடிச்சு யாரோ தூக்குற மாதிரி.

ஸ்னாப்பைக் கழட்டப் பார்த்தேன். நூல் விறைச்சு நிக்குது, அந்தச் சின்ன முள்ளைப் பின்னாடி இழுக்கவே முடியலை. கத்தி எங்க? கெண்டைக்கால்ல! குனிஞ்சா எட்டுற நிலைமையில நான் இல்லை. கடைசியில டைவ் மாஸ்டர்தான் என் ஃபின்னைப் (கால் துடுப்பை) பிடிச்சு நிறுத்தி நூலை வெட்டினார். கையில கட்டுற டைவ் கம்ப்யூட்டர்ல அப்புறம் பார்த்தா 12 மீட்டர்ல இருந்து 5 மீட்டருக்கு 14 செகண்டு. மூச்சை மட்டும் அடக்கலை, விட்டுக்கிட்டே இருந்தேன். அது ஒண்ணுதான் அன்னிக்கு நான் செஞ்ச நல்ல காரியம்.

வலி, மரமரப்பு எதுவும் இல்லை. அடுத்த டைவ் வேண்டாம்னு உக்கார வெச்சுட்டாங்க. படகுல அஞ்சு பேரு, அவங்க எல்லாம் இறங்கினதும் நான் தனியா உக்காந்து அந்த ரீலையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

சின்ன வயசுல லொட்டாய் (காத்தாடி நூல் சுத்துற உருளை) பிடிச்சு எவ்வளவோ காத்தாடி விட்ட கை இது. நூல் சிக்கும்னு எனக்குத் தெரியாதா? தண்ணிக்கு அடியில மறந்துபோச்சு.

---

ஆழம்18 (மாரத்தஹள்ளி) – திங்கள், இரவு 10.05

திட்டுறதுக்கு என்ன இருக்கு, உயிரோட வந்து எழுதுறீங்களே. ஒண்ணே ஒண்ணு: ரீலைத் தூக்கிப் போட்டுட்டு ஸ்பூல் வாங்குங்க. உருளை மாதிரி ஒரு பிளாஸ்டிக், நடுவுல ஓட்டை, அவ்வளவுதான். ராட்செட் இல்லை, கைப்பிடி இல்லை, கெட்டுப்போக ஒண்ணுமே இல்லை.

---

கயல்_ஜெயநகர் – திங்கள், இரவு 11.20

நான் சொல்லித்தர்ற வேலையில இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

ஸ்பூலா ரீலாங்கிறது ரெண்டாவது கேள்விங்க. ஸ்பூலும் சிக்கும். குளிர்ல விரல் விறைச்சா ஸ்பூல் ஓட்டைக்குள்ள விரலை விட்டுப் பிடிக்கிறவங்களை நான் பார்த்திருக்கேன், நூல் விரலைச் சுத்திக்கிட்டா ரீலை விட மோசம். உங்க விஷயத்துல முதல் தப்பு அந்த போல்ட் ஸ்னாப். பை மேலே போற வரைக்கும் அந்த ரீல் உங்க உடம்புல எங்கேயும் மாட்டியிருக்கக் கூடாது. கையில, கையை நல்லா நீட்டி, உடம்புக்கு வெளியே. நின்னுச்சா, விரலைத் திறக்கணும். போனா போகட்டும். ரீலை விலை கொடுத்து வாங்கிக்கலாம்.

ரெண்டாவது, ஆக்டோபஸ். நம்ம ஊர்க் கடல் வெதுவெதுப்பா இருக்கிறதால ரெகுலேட்டர் உறைஞ்சு ஃப்ரீஃப்ளோ (காத்து நிக்காமக் கொட்டுறது) ஆகும்கிற பயம் பெரிசா இல்லை. ஆனா ஆக்டோபஸோட குழாய் பைக்குள்ள மாட்டிக்கிட்டு பையோடவே கிளம்பின சம்பவம் என் கண் முன்னாடி நடந்திருக்கு. இன்னொண்ணு யாரும் சொல்லித்தர மாட்டாங்க: ஆக்டோபஸ்ல ஊதினா சிலிண்டர்ல இருந்து புதுக் காத்து பைக்குள்ள வருது. பையை நீங்க பிடிச்சிருக்கிற அந்த ரெண்டு செகண்டுல நீங்களும் பையும் சேர்ந்து லேசாகிடுவீங்க, மேலே நகர ஆரம்பிச்சிடுவீங்க. வாயால ஊதினா அப்படி இல்லை. உங்க நுரையீரல்ல இருந்த காத்து பைக்குப் போகுது, மொத்தக் கணக்கு மாறலை. பையை விட்ட உடனே கொஞ்சம் கீழே இறங்குவீங்க, ஒரு மூச்சு இழுத்தா சரியாயிடும். தொடக்கத்துல இருக்கிறவங்களுக்கு இந்த முறைதான் நான் சொல்லித்தர்றது. ஊதறதுக்கு ரெகுலேட்டரை வாயில இருந்து எடுக்கணுமேன்னு பயந்தா, ரெகுலேட்டர் வாயிலேயே இருக்கட்டும், அதுல இருந்து வெளியே வர்ற குமிழியைப் பை வாய்க்குள்ள பிடிக்கவும் செய்யலாம். பழகணும், அவ்வளவுதான்.

மூணாவது, கத்தி. காலுல கட்டுற பெரிய கத்தி போட்டோவுக்கு நல்லா இருக்கும். நூல் வெட்ட ஒரு சின்ன லைன் கட்டர் போதும், கம்ப்யூட்டர் பட்டையிலோ தோள்பட்டையிலோ, ரெண்டு கையாலயும் எட்டுற இடத்துல. எந்தக் கை சிக்கும்னு முன்னாடியே தெரியாதில்லையா.

மேலே ஒரு தடவை பார்க்கிறது, ஜோடிக்காரரை எதிர்ல நிறுத்திக்கிறது, படகுக்கு நேர் கீழே விடாம இருக்கிறது, இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

---

கணக்கு_வாத்தி (ஒயிட்ஃபீல்டு) – செவ்வாய், காலை 7.15

காபி குடிச்சுக்கிட்டே ஒரு கணக்கு போட்டேன்.

சாதாரண எஸ்எம்பி, மடிச்சா 15 செ.மீ. அகலம், 120 செ.மீ. உயரம்னு வெச்சுக்குவோம். உப்பினா சுற்றளவு 30 செ.மீ., ஆரம் சுமார் 4.8. கொள்ளளவு ஏறத்தாழ 8.6 லிட்டர். கடல்தண்ணி லிட்டருக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல, ஆக முழுசா உப்பினா 8.8 கிலோ தூக்கும். இடுப்புல அவ்வளவு ஈயம் கட்டிக்கிட்டு இறங்கின ஆளு, அது அத்தனையும் திடீர்னு கழண்டு விழுந்தா எப்படிப் போவாரோ, அப்படித்தான் நீங்க போயிருக்கீங்க. அதோட ஏற ஏற பிசிடிக்குள்ள (காத்து ஏத்துற மிதவைச் சட்டை) இருக்கிற காத்தும் விரியும்.

இப்ப சுவாரசியமான பகுதி. 12 மீட்டர்ல அழுத்தம் 2.2 பார். மேல வந்து சேரும்போது பை நிறையணும்னா அடியில 3.9 லிட்டர் போதும். ரெண்டு நல்ல மூச்சு. 20 மீட்டர்ல 3 பார், அங்கே 2.9 லிட்டர், ஒரே மூச்சுல முடியும். 5 மீட்டர்லதான் கஷ்டம், 5.7 லிட்டர் வேணும், மூணு மூச்சு. ஆழத்துல பாதி கூட நிரப்ப வேண்டியதில்லை, மேலே போகும்போது பாயில் விதி (அழுத்தம் குறைஞ்சா காத்து விரியும்) மிச்சத்தைப் பார்த்துக்கும். நீங்க 12 மீட்டர்ல முழுசா நிரப்பினதால பை தேவைக்கு ரெண்டு மடங்குக்கு மேல காத்தோட கிளம்பியிருக்கு.

நீச்சல் குளத்துல இது ஒண்ணுமே புரியாது. மூணு மீட்டர் குளத்துல 1.3 பார்தான். முழுசா ஊதினாத்தான் பை நிக்கும். அங்க பழகினதை அப்படியே கடலுக்குக் கொண்டு போனீங்க.

---

லொட்டாய்_வியாசை – செவ்வாய், காலை 9.02

வாத்தி, கும்பிடுறேன். குளத்துல எனக்குச் சொன்னதே "நல்லா நிரப்பு, இல்லைன்னா வாழைத்தண்டு மாதிரி சாயும்"னுதான். அதைத்தான் செஞ்சேன்!

---

முத்துநகர்_பழசு (இந்திராநகர், பூர்வீகம் தூத்துக்குடி) – செவ்வாய், பகல் 1.30

தம்பி, உங்க கயிறு கதை படிச்சதும் எங்க தாத்தா ஞாபகம் வந்துட்டு. சங்கு குளிக்கப் போனவரு. சிலிண்டரும் கிடையாது, கம்ப்யூட்டரும் கிடையாது. காலுல கல்லைக் கட்டி இறங்குவாவ, இடுப்புல ஒரு கயிறு, அதோட மறுமுனை தோணியில இருக்கிறவன் கையில. அந்தக் கயிறு பிடிக்கிறவன் மச்சானா இருக்கணும்பாவ எங்க வீட்டுல. ஏன்னா கயிறை விட்டா தாலி அறுக்கப்போறது அவன் தங்கச்சி. சிரிப்புக்குச் சொல்றதுதான், ஆனா அதுல விஷயம் இருக்கு. கயிறு ரெண்டு பக்கமும் ஆள் பார்த்துக்கிட்டு இருக்கிற விஷயம். நீங்க பையை அனுப்பினீங்க, மேல படகுக்காரன் எந்தப் பக்கம் பார்த்துக்கிட்டு இருந்தான்? கேட்டீங்களா?

எஸ்எம்பி விடப் போறோம், ஆரஞ்சு நிறம், இந்த நேரத்துக்கு, இந்தப் பக்கம்னு இறங்குறதுக்கு முன்னாடி படகுல சொல்லணும். சில இடத்துல ஆரஞ்சு சிவப்புன்னா "இங்கே இருக்கேன்", மஞ்சள்னா "ஆபத்து"ம்பாங்க. எல்லா ஊருலயும் அப்படி இல்லை. அந்தப் படகுல என்ன வழக்கம்னு அந்தப் படகுலயே கேளுங்க.

---

வண்டி_ஓட்டி (பேகூர்) – செவ்வாய், பகல் 2.10

கயல் மேடம் சொல்றதை ஒத்துக்க மாட்டேன். ரீலைக் கையில மட்டும் பிடிச்சு, விட்டா போச்சு. எஸ்எம்பி இல்லாம நீரோட்டத்துல மிதந்துக்கிட்டு எங்கேயோ போய் எழுந்தா படகுக்காரன் எப்படிப் பார்ப்பான்? அலை அரை மீட்டர் இருந்தாலே ஒரு தலை தெரியாது. நான் எப்பவும் மாட்டித்தான் வைப்பேன்.

---

கயல்_ஜெயநகர் – செவ்வாய், மாலை 6.45

வண்டி, நீங்க சொல்றது பை மேலே போய்ச் சேர்ந்த *அப்புறம்*. அப்ப டபுள் எண்டரால (ரெண்டு முனையிலயும் கொக்கி உள்ள கிளிப்) நூலைப் பூட்டி, வேணும்னா மாட்டிக்கலாம். (அப்பக்கூட நான் கையிலதான் வெச்சுக்குவேன், ஏதாவது மோட்டார் படகு நூலை இழுத்துட்டுப் போனா என்ன பண்ணுவீங்க?) போற அந்த பத்து செகண்டுதான் ஆபத்து. ஒரு பை போயிடுமோன்னு பயம் இருந்தா இன்னொரு பையையும் ஸ்பூலையும் பாக்கெட்டுல வைங்க. நான் எப்பவும் ரெண்டு வெச்சிருப்பேன். ஜோடிக்காரரும் ஒண்ணு வெச்சிருப்பாரு, ஆக மூணு ஆச்சு.

---

வண்டி_ஓட்டி – செவ்வாய், இரவு 8.00

ரெண்டு பை வெச்சுக்கிறது சரி. மத்ததுல என் கருத்து அப்படியேதான்.

---

ஆழம்18 – செவ்வாய், இரவு 8.12

தலைப்புக்குச் சம்பந்தம் இல்லாத ஒரு கேள்வி வியாசை: அன்னிக்கே ரயில் ஏறினீங்களா?

---

லொட்டாய்_வியாசை – செவ்வாய், இரவு 8.30

இல்லை, மறுநாள் மதியம். ஏன்?

---

ஆழம்18 – செவ்வாய், இரவு 8.50

நல்லவேளை. டைவ் முடிச்சுட்டு உடனே விமானம் ஏறக் கூடாதுன்னு (உயரத்துல அழுத்தம் குறையும், உடம்புல கரைஞ்ச நைட்ரஜன் குமிழியாகலாம்) எல்லாருக்கும் தெரியும்: ஒரே ஒரு டைவ்னா 12 மணி நேரம், பல டைவ்னா 18 மணி நேரம். ரயில்ல போறதுக்கு என்னன்னு நினைப்போம். ஆனா அந்தக் கணக்கு தொடங்குறதே சுமார் 600 மீட்டர் உயரத்துல. பெங்களூர் 900 மீட்டருக்கு மேல! முருடேஷ்வர்ல கடல் மட்டத்துல டைவ் முடிச்சுட்டு மதியமே ரயில் ஏறினா ராத்திரி சுப்ரமண்யா தாண்டி சகலேஷ்பூர் மலை ஏறிடுவோம். சென்னைக்காரங்களுக்குப் பாண்டிச்சேரி போய் வர்றதுல இந்தத் தொல்லையே இல்லை. நமக்கு வீடே மலை மேல இருக்கு. உங்களை மாதிரி வேகமா ஏறின ஆளு கண்டிப்பா ஒரு ராத்திரி தங்கித்தான் வரணும்.

---

நெத்திலி_பாய்ஸ் (பெல்லந்தூர்) – புதன், காலை 10.20

நாங்களும் ஒண்ணு கேட்டுக்கலாமா? நாங்க நாலு பேரு, எல்லாரும் அட்வான்ஸ்டு டைவிங் கோர்ஸ் முடிச்சவங்க. கடற்கரையில தெரிஞ்ச மீன்காரர் ஒருத்தரோட நங்கூரம் 18 மீட்டர்ல மாட்டிக்கிச்சு, கயிறு அறுந்துபோச்சு. 40 கிலோ இரும்பு. 50 கிலோ தூக்குற லிஃப்ட் பேக் (காத்து நிரப்பிப் பாரம் தூக்குற பை) ஒண்ணு கிடைச்சிருக்கு. நங்கூரத்துல கட்டி, ஆக்டோபஸ்ல நிரப்பி அனுப்பிடலாம்னு யோசனை. 50க்கு 40 போதும்தானே?

---

கணக்கு_வாத்தி – புதன், காலை 11.00

கணக்குல போதும். அதுதான் பிரச்சினை.

40 கிலோ இரும்பு 5 லிட்டர் தண்ணியைத் தள்ளும். தண்ணிக்குள்ள அதோட எடை 35 கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. ஆக 35 லிட்டர் காத்து போனதும் அசையும். 18 மீட்டர்ல 2.8 பார். கிளம்பின அந்த 35 லிட்டர், 10 மீட்டர் வர்றதுக்குள்ள 50 லிட்டராகிப் பை நிறைஞ்சிடும். அதுக்கு மேல அடிவாய் வழியா வழியும். அதாவது கிளம்பும்போது எடையில்லாம இருந்த நங்கூரம், 10 மீட்டர்ல 15 கிலோ விசையோட மேலே பாயுது. நீங்க யாராவது பக்கத்துல பிடிச்சிருந்தா வியாசை கதைதான், இன்னும் கொஞ்சம் பெரிசா.

---

கயல்_ஜெயநகர் – புதன், பகல் 12.40

நெத்திலி, தயவுசெஞ்சு இந்த வாரம் போகாதீங்க.

வாத்தி கணக்கு நங்கூரம் சும்மா மணல் மேல கிடந்தா. உங்க நங்கூரம் *மாட்டியிருக்கு*ன்னு நீங்களே சொல்றீங்க. சேத்துல புதைஞ்சிருந்தா அதோட எடையை விட எவ்வளவோ அதிகமா பிடிச்சு வெச்சுக்கும். 35 லிட்டர் போட்டீங்க, அசையலை. இன்னும் போடுவீங்க. 50 ஆகும். அப்பவும் அசையலை. கையால ஆட்டுவீங்க. பொசுக்குனு விடும். இப்ப 15 கிலோ உபரி விசை தரையிலேயே இருக்கு. ராக்கெட். மேல போய் நீரை விட்டு எகிறிப் படுக்கும், காத்து கொட்டும், 40 கிலோ இரும்பு திரும்ப நேரா கீழே வரும். கீழே நாலு பேரு அண்ணாந்து பார்த்துக்கிட்டு இருப்பீங்க.

அதனால: சேத்தை முதல்ல தோண்டி விடுவிக்கணும், காத்தால பிடுங்கக் கூடாது. காத்தைச் சின்னச் சின்னதா விட்டு, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பொறுத்து, அசையுதான்னு பார்க்கணும். பையோட தலையில இருக்கிற டம்ப் வால்வ் (காத்தைத் திறந்து விடுறது) கயிறு உங்க கையில இருக்கணும், அது இல்லாத பையை எடுத்துட்டே போகாதீங்க. ஏறும்போது பக்கவாட்டுல இருக்கணும், நேர் மேலயும் வேண்டாம், நேர் கீழயும் வேண்டாம். வேகம் மிஞ்சினா விட்டுடணும், துரத்தக் கூடாது. நிரப்புறதுக்கு நீங்க மூச்சு விடுற சிலிண்டர் வேண்டாம். காத்து நிறைய செலவாகும்னு இல்லை, 12 லிட்டர் சிலிண்டர்ல 12 பார் கூட ஆகாது. உங்க வாயோட குழாயால இணைஞ்ச எதுவும் அந்தப் பைக்குப் பக்கத்துல போகக் கூடாது, அதுக்குத்தான். தனியா ஒரு சின்ன சிலிண்டர் வைங்க. பிசிடியில காத்து ஏத்தி நங்கூரத்தைத் தூக்கலாம்னு யாராவது சொன்னா அவரைக் கரையிலேயே விட்டுட்டுப் போங்க. நங்கூரம் கை நழுவினா பிசிடி உங்களைத் தூக்கிட்டுப் போகும்.

தேடி எடுக்கிறதுக்குன்னு தனிப் பயிற்சியே இருக்கு. முடிச்சு போடக் கத்துக்கிறதுலயே பாதி நாள் போகும். அட்வான்ஸ்டு அட்டை அதுக்குப் பதில் இல்லை.

---

முத்துநகர்_பழசு – புதன், பகல் 3.15

அட, 40 கிலோ நங்கூரத்துக்கு எதுக்குப் பையும் பவுசும்! ஒருத்தன் இறங்கி, நங்கூரத்தோட கொக்கி இருக்கிற அடிப்பக்கத்துல புதுக் கயிறைக் கட்டிட்டு வந்துருங்க. எல்லாரும் படகு ஏறினப்புறம், அது எந்தப் பக்கமா மாட்டுச்சோ அதுக்கு எதிர்ப்பக்கமாப் படகை விட்டு இழுக்கச் சொல்லுங்க. பின்னாடி பக்கமா இழுத்தா கழண்டு வரும். எங்க ஊர்ல பாறைப் பக்கம் நங்கூரம் போடும்போதே அந்த ரெண்டாவது கயிறைக் கட்டித்தான் போடுவாவ. மீன்காரருக்கு இது தெரிஞ்சிருக்குமே? உங்க கையில புதுப் பை இருக்கு, அதான் உங்களுக்கு அவரு நங்கூரம் கண்ணுல படுது.

---

நெத்திலி_பாய்ஸ் – புதன், பகல் 3.40

கடைசி வரி கொஞ்சம் குத்துது ஐயா. 😅 உண்மைதான். அவர்கிட்ட பேசிட்டோம், கயிறு கட்டிக் கொடுத்தா போதும், தானே இழுத்துக்குறேன்னு சொல்லிட்டாரு.

---

லொட்டாய்_வியாசை – ஞாயிறு, இரவு 9.10

இன்னிக்கு நடந்ததைச் சொல்லிடுறேன்.

கயல் மேடம் நேரம் ஒதுக்கினாங்க, காலையில ஜே.பி. நகர் பக்கம் ஒரு குளத்துல ரெண்டு மணி நேரம். ஆழம் மூணரை மீட்டர். புது ஸ்பூல், வாயால ஊதறது. முதல் அஞ்சு தடவை ஒழுங்கா விடக் கத்துக்கொடுத்தாங்க. அதுக்கப்புறம் விளையாட்டு மாறுச்சு: நான் பையை விடும்போது அவங்க பக்கத்துல வந்து திடீர்னு நூலை ரெண்டு விரலால கவ்விப் பிடிப்பாங்க. எப்பன்னு சொல்ல மாட்டாங்க. நான் விரலைத் திறக்கணும்.

முதல் தடவை திறக்கலை! இத்தனை நடந்தப்புறமும், கை இறுக்கிப் பிடிச்சுக்கிச்சு. ரெண்டாவது தடவையும். மூணாவதுலதான் திறந்தது. ஸ்பூல் சுத்திக்கிட்டே மேலே போறதைப் பார்த்தேன். பத்துப் பதினஞ்சு தடவை ஆனப்புறம் யோசிக்காமலே திறக்குது. குளத்துக் காவலர் மேல இருந்து ஆரஞ்சுப் பை ஒவ்வொண்ணா முளைக்கிறதைப் பார்த்துட்டு "ஏன் சார், ஏனாய்த்து?"ன்னு (என்ன சார், என்ன ஆச்சு?) கன்னடத்துல பதறிட்டாரு.

---

ஆழம்18 – ஞாயிறு, இரவு 9.25

சூப்பர். அந்தப் பழைய ரீலை என்ன பண்ணீங்க?

---

லொட்டாய்_வியாசை – ஞாயிறு, இரவு 10.15

இப்பத்தான் அதை முடிச்சேன். திருப்பிக் கொடுக்கிறதுக்கு முன்னாடி நூலைச் சரியா சுத்திக் கொடுக்கலாம்னு அபார்ட்மென்ட் வராந்தாவுல முழுசா இழுத்துப் போட்டேன். டைல்ஸ் ரெண்டடிக்கு ஒண்ணு, எண்ணிப் பார்த்தேன். 40 மீட்டர்னு சொல்லிக் கொடுத்தான், 31தான் இருக்கு. டைவ் மாஸ்டர் வெட்டினது பைக்குக் கீழே ஒரு கை நீளத்துல, ஆக மிச்சம் எப்பவோ யாரோ வெட்டியிருக்காங்க.

வெட்டின முனையில இருந்து நாலு டைல்ஸ் தாண்டி, ஒரு முடிச்சு. ரெண்டு நூலை ஒட்டுப் போட்ட முடிச்சு, கடலை அளவு, உப்பு ஏறிக் கெட்டியா. ரீல்ல நூல் வெளியே வர்ற துளையில வெச்சுப் பார்த்தேன்.

போகலை.